விரலை எடுத்தால்தான் கேட்கும்

"டெல்வினுக்க அப்பா, தண்ணி டேங்குல ஏறி நிக்கியளே, காலு வழுக்குனா ஆரு பாக்கது?" என்று கீழேயிருந்து கத்தினேன். கேட்டால்தானே. இடுப்பில் கயிறு, வாயில் ஸ்க்ரூ, கையில் அலுமினியக் குழாய். ஏரியல் கட்டுகிறாராம். ஆயுசு பூரா கட்டுமரத்தில் கிடந்த மனுஷனுக்கு அறுபதை நெருங்கும்போது, வீட்டிலிருந்தே ஊர் ஊராக வயர்லெஸ்ஸில் பேசுகிற ஹாம் ரேடியோ பைத்தியம். "ஞானசெல்வி, உனக்க மாப்பிள அமெரிக்காவுக்கா பேசுகாரு?" என்று துறையில் பெண்டுகள் இளிப்பார்கள். ஆமாட்டி, உனக்கும் சேத்துதான் பேசுகாரு என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு வருவேன். அழுவதெல்லாம் வீட்டுக்குள் வந்துதான்.

பெருங்காற்றில் எங்கள் ஒரே மகன் டெல்வின் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் வள்ளத்தில் வயர்லெஸ் இருந்தது, இவர் காலத்துக் கட்டுமரத்தில் அது ஏது? அன்றைக்கு யாரோ ஒரு செட்டை இவர் கையில் திணித்து, "இத அமுக்கிப் பேசும் ததேயுஸே" என்று காட்டிவிட்டுப் போனதோடு சரி. "மக்கா, அப்பா பேசுகேன், எங்கலே நிக்க, மக்கா..." என்று தொண்டை கட்டும்வரை கரையில் நின்று கூப்பிட்டார். ஒரு பதிலும் வரவில்லை. பழைய செட்டு சதி பண்ணிவிட்டது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். அடுத்த காற்றுக்காவது நம்ம துறையில் இதை ஒழுங்காகத் தெரிந்த ஒருத்தன் வேணும் என்று கோட்டாற்றில் ஒரு மாடியறையில் நடந்த ஹாம் ரேடியோ வகுப்பில் சேர்ந்தார். தனியாக விட மனமில்லாமல் நானும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தது அஸ்வதி என்ற பெண். காலேஜில் வேலை, எங்களுக்கு மகள் வயது. முதல் நாளே ஒரு செட்டை இவர் கையில் கொடுத்தாள், இன்னொன்றோடு கீழே தெருவில் ஒரு ஆளை நிறுத்தினாள். இவர் பேசினார். காதில் வைத்துப் பார்த்தார். மறுபடி பேசினார்.

"பதிலே வரல்லியே பிள்ள."

"அண்ணே, வெரல எடுங்க," என்று அவள் சிரித்தாள். "பட்டன அமுக்கிப் பிடிச்சிட்டே இருந்தா அவரு பேசுது உங்களுக்கு எப்பிடிக் கேக்கும்? சொல்லிட்டு விட்டிரணும்."

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இவர் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னார்: "நான் அன்னைக்கு வெரல எடுக்கவே இல்லட்டி. அவன் கூப்பிட்டிருப்பான்."

இல்லை, செட்டு பழசு, அவன் எட்டாத தூரத்தில் இருந்திருப்பான் என்று என்னவெல்லாமோ சொன்னேன். எனக்கே என் வார்த்தையில் நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு அவர் படித்த படிப்பு இருக்கிறதே! பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார், ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கப் படித்தார், ஏரியலுக்கு அளவு போடப் படித்தார். பேசுவது ஒன்றைத்தான் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஹாம்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசுவது செட்டில் கேட்கும். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். பட்டன் பக்கம் விரல் போகாது.

இன்றைக்கும் அப்படியே விட்டால் இந்த மனுஷன் செத்தாலும் பேசமாட்டார் என்று எனக்குப் பட்டது. ஏரியல் கட்டி இறங்கியவரிடம் செட்டை நீட்டினேன். "கூப்பிடும். இல்லன்னா நான் இத கடல்ல எறியுவேன்."

செட்டை வாங்கினார். பிறகு அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. லைசென்ஸோடு கிடைத்த அடையாளக் குறியான கால்சைனைச் சொன்னார், பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் கட்டைவிரல் மட்டும் எழும்பவே இல்லை. நகம் வெளுத்துவிட்டது.

"எடும்," என்றேன். எடுக்கவில்லை. நானே என் விரலால் அவர் விரலை நெம்பி எடுத்தேன்.

அந்தப் பக்கம் ஆள் பேசினால் எரிகிற பச்சை விளக்கு உடனே எரிந்தது. "குலசேகரத்துல இருந்து ஜெஸ்பின் பேசுகேன். உங்க சத்தம் தெளிவா வருது. நான் பேசுது உங்களுக்குக் கேக்குதா? ஓவர்."

சின்னப் பையன் குரல். எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஐயோ, இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹலோ, நான் பேசுது கேக்குதா?" என்றது செட்டு மறுபடியும்.

லைசென்ஸ் இவருக்குத்தான், நான் பேசலாமா என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பட்டன்மேல் வைத்து, அதன்மேல் என் விரலை வைத்து அமுக்கினேன்.

"கேக்குது மக்கா," என்றேன். "அப்பாவுக்கு நல்லா கேக்குது. சொல்லு."

இரண்டு விரலையும் சேர்த்து எடுத்தேன். சிவப்பு அணைந்தது. பச்சை எரியுமா என்று அந்தச் சின்ன விளக்கையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.