இன்னொரு பொட்டலம்

விமானம் மேலே ஏறி, அடைத்த காது இன்னும் திறக்கவில்லை. அதற்குள் பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்துவிட்டாள். ஒரு மணி நேரம்கூட இல்லாத பயணம். ஏறினோமா, கொடுத்ததைத் தின்றோமா, இறங்கினோமா என்று போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆளுக்கொரு காகிதப் பொட்டலம். உள்ளே சாண்ட்விச்சும் ஒரு துண்டு கேக்கும். தனியாகக் காசு கிடையாது; டிக்கெட்டிலேயே சேர்த்தி.

ஜன்னலோரம் இருந்த லைன்மேனின் மனைவி தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். புருஷன் பட்டினியாக இருக்கும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் எப்படி வாயை அசைப்பாள்? இறங்கியதும் அவருக்கு வெறும் வயிற்றில் கடைசி ரத்தப் பரிசோதனை. அது சரியாக இருந்தால் மறுநாள் ஆபரேஷன். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இவர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறார்.

"எனக்குத்தான் ரெண்டு இருக்கே, ஒண்ணை எடுத்துக்கடா" என்று வாழைப்பழத்தைப் பிட்டுக் கொடுக்கிற மாதிரிதான் அன்றைக்குச் சொன்னார். குடும்பமே கண்ணீர் விட்டது. அவள் மட்டும் அவரை அடுப்படியில் தனியாகப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, நம்ம பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க" என்று அழுதாள். "வாயை மூடு, அவன் என் கூடப் பிறந்தவன்" என்று ஒரே அதட்டல். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொட்டுகிற மழையில் மின்கம்பம் ஏறுகிற மனுஷன், சொன்னால் சொன்னதுதான்.

காகிதம் சரசரத்தது. திரும்பினாள்.

அவர் தின்றுகொண்டிருந்தார்.

அவளுக்கு ஒரு கணம் கண்ணில் பட்டது மண்டையில் ஏறவில்லை. வேலைக்குப் போன வீட்டில் ஒரு வாய் காபி நீட்டினால்கூட, "சம்பளம் குடுக்கிறாங்கம்மா" என்று படி இறங்கிவிடுகிறவர், சும்மா கொடுத்த சாண்ட்விச்சை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறார். வெறும் வயிற்றோடு இறங்க வேண்டிய நாளில்!

"ஏங்க! என்ன பண்றீங்க? வெறும் வயிறுங்க! மறந்துட்டீங்களா? துப்புங்க, துப்புங்க!"

முந்தானையை எடுத்து அவர் வாயருகே ஏந்திக்கூட விட்டாள். பாவம், மறதி என்றே நினைத்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே விழுங்கினார். பிறகு கையைத் தூக்கிப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"இன்னொரு பொட்டலம் கிடைக்குமாம்மா?"

"மிச்சம் இருக்கு சார், தர்றேன்" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள்.

மறதியில்லை. மறக்கிறவர் இன்னொன்று கேட்பாரா?

"வேணும்னேதான் தின்னீங்களா?"

"நானா கேட்டேன்? அதுவா வந்து மடியில உட்கார்ந்துச்சு. ஏர்போர்ட்ல அத்தனை கடையைத் தாண்டி வந்தேனே, ஏறிட்டுப் பார்த்தேனா? வாங்கித் தின்னா அது நான் செஞ்சது. கையில வெச்சுட்டா…"

"ரெண்டாவது?"

கேக்கைப் பிட்டார்; பிடி நிற்கவில்லை. துகள் சட்டையெல்லாம் சிந்தியது. கம்பத்து உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கினவர் அவர்.

"அன்னைக்கு வேணாம்னு அழுதியே" என்றார், குரல் எழும்பாமல். "இப்ப ஒரு தடவை சொல்லேன்."

அவள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல்லை எத்தனையோ முறை தலையணைக்குள் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போது கேட்டு நிற்கிறார். சொன்னால் அவர் தம்பி என்னாவது? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, இறங்கினதும் நீ சொல்லிடு. நான்தான் மறந்தாப்புல குடுத்துட்டேன்னு."

"பழி போட நான்தான் கிடைச்சேனா?" என்று சீறினாள். பொய் சொல்லிக் கேட்டறியாத அவர் வாயிலிருந்து பொய். யாரோ அசலார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆனாலும் விமானம் தரையைத் தொடுவதற்குள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். சொல்லிவிடலாம். கட்டினவருக்காக ஒரு பொய்தானே.

வெளியே தம்பி மனைவி காத்திருந்தாள். பல நாள் தூக்கமில்லாத முகம்.

"வாங்க மாமா, வாங்கக்கா. பசியில துவண்டு போயிருப்பீங்க. ரத்தம் எடுத்த கையோட சாப்பிடலாம், எல்லாம் கட்டிக் கொண்டாந்திருக்கேன்."

"இல்லடி, அது வந்து, நான்தான்…" என்று இவள் தொடங்கினாள்.

"ரெண்டு பொட்டலம் தின்னுட்டேன்மா" என்றார் அவர், குறுக்கே விழுந்து.

"ஐயோ மாமா, மறந்துட்டீங்களா?"

"இல்ல. பயம்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இவள் கேட்டதில்லை. திகைத்துப்போய் அவர் முகத்தையே பார்த்தாள். தம்பி மனைவி போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் புருஷனைக் கூப்பிட்டு, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே!" தம்பி குரல் மெலிந்து வந்தது. "நான் இங்க உப்பில்லாம நாக்கு செத்துக் கிடக்கேன், நீங்க அங்க ரெண்டு தின்னீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

அவர் உதடு கோணியது.

"அண்ணே, பயமா இருந்தா வேணாம்ணே. திரும்பிப் போயிடுங்க. ரத்தம் சுத்தம் பண்ற மிஷின் இருக்கு, அதை வெச்சு ஓட்டிக்கிறேன். சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன்."

"உனக்குப் பயமில்லையாடா?"

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லண்ணே. இவகிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

"ம்க்கும், எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அவன் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஜனங்கள் பெட்டிகளை உருட்டியபடி இவர்களைத் தாண்டிப் போனார்கள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த கேக் துகளைத் தட்டிவிட்டார்.

"டேய், இன்னைக்கு டெஸ்ட் போச்சு. நாளைக்கு எடுப்பாங்களான்னு டாக்டரைக் கேளு."

"எதுக்குண்ணே? வேணாம்னுதானே…"

"கேளுடான்னா கேளு. பயம் போகல. போகவும் போகாது போலிருக்கு. அதுக்காக?"

நாலு பேர் பார்க்க அவள் கையைத் தொட்டறியாதவர், கூட்டத்துக்கு நடுவே இறுகப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தது அந்தக் கை. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"வண்டி எங்கடி நிக்குது?" என்று தம்பி மனைவியைக் கேட்டாள்.