ஒப்பிட எடுத்த ரத்தம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது என் அக்கா. கொடுக்கும்போது என் கையில் ஊசியைக் குத்தியிருந்தாள்.

(இப்படித் தொடங்கினால் அக்காவைக் கொலைகாரி என்று நினைத்துவிடுவீர்கள். மறுபடி முதலிலிருந்து வருகிறேன்.)

2

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. ரத்தத்தில் அபூர்வமாகத் தட்டுப்படும் ஒரு வெள்ளணுதான் அவள் பிழைப்பு: பிளாஸ்மசைட்டாய்ட் டென்ட்ரிட்டிக் செல். பெயர் வாயில் நுழையாது. நான் காவல்காரன் என்கிறேன். வைரஸ் வந்தால் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சுரப்பைக் கொட்டி ஊரைக் கூட்டுவான். மற்ற அணுக்களை ‘போதும், அடங்குங்க’ என்று அமர்த்துவதிலும் அவனுக்குப் பங்குண்டு. சில உடம்புகளில் அவனுக்குப் புத்தி பிசகிவிடும். சொந்தச் செல்களின் குப்பையையே வைரஸ் என்று நினைத்து ஓயாமல் கத்துவான். உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்கும், பல பேருக்கு மூட்டுகளிலிருந்து.

(கட்டுரை வாடை அடிக்கிறது, தெரியும். இதைச் சொல்லாவிட்டால் என் பயம் உங்களுக்குப் புரியாது.)

3

நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் அங்கே வேலை செய்பவர்களே கையை நீட்டிவிடுவார்களாம். போன வாரம் அக்கா நீட்டினாள். அந்த ‘நல்ல’ ரத்தம் நோயாளியுடையதைவிட அதிகமாகக் கத்தியது.

அவள் முகம் வெளிறி—

இல்லை. அக்காவுக்கு முகமெல்லாம் வெளிறாது. குழாயைத் திட்டினாள், ரத்தத்தோடு கலக்கும் சோதனைத் திரவத்தைத் திட்டினாள். திரவம் கெட்டிருந்தால் யார் ரத்தமும் அப்படித்தான் காட்டும் என்றாள். காலையில் விரல் மூட்டெல்லாம் வலிப்பதை மட்டும் நாளெல்லாம் பிப்பெட்டை, அந்த உறிஞ்சுகுழாயை, பிடித்த வலி என்று ஒதுக்கிவிட்டாள்.

4

இன்று என்னிடம் வந்தாள். அதே திரவத்தில் எங்கள் இருவர் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாளாம்.

முடிவு ஒன்று: என்னுடையதும் கத்துகிறது. குற்றம் திரவத்தின் மேல்; அக்கா தப்பித்தாள். (அல்லது இரண்டு பேருமே மாட்டிக்கொண்டோம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.)

முடிவு இரண்டு: என்னுடையது அமைதியாக இருக்கிறது. அப்படியென்றால் அக்காவுக்கு—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது. என் ரத்தமும் கத்தட்டும், கத்தட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

5

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அக்கா செருப்பை மாட்டினாள். எப்படி வந்தால் உனக்கு நிம்மதி என்று கேட்டேன்.

“உன்னுது சுத்தமா இருக்கணும்டி. வேற என்ன?”

அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்ட முடிவை நான் எழுத மாட்டேன்.