கடலைப் பார்த்து நடந்த வீடு

ஏமஸ் பெல்லிங் தன் கையால் கட்டிய வீடு ஆண்டுக்கு ஒரு முழம் கடலை நோக்கி நடந்தது. கடலும் சும்மா இருக்கவில்லை. ரட்லிங் கேப்பின் வெள்ளைச் சுண்ணப்பாறைக் கரையைத் தன் பங்குக்குத் தின்றுகொண்டிருந்தது. ஆக, வீட்டுக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே இருந்த புல்தரை இரண்டு பக்கமும் குறைந்துகொண்டு வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவள் ஏமஸின் மனைவி ஹெட்டி. துணிக்கொடியின் ஒரு முனை வீட்டுச் சுவரிலும் மறுமுனை கொல்லையில் நட்ட கம்பத்திலும் இருந்தது. கயிறு வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே போய், ஒரு திங்கட்கிழமை ஈரப் படுக்கை விரிப்புகளோடு அறுந்து விழுந்தது. அடுத்து சமையலறைத் தண்ணீர்க் குழாய் பிய்ந்துகொண்டது. நிலம் சரிகிறது என்றான் ஏமஸ். நிலம் சரிந்தால் கம்பமும் கோழிக்கூடும் கூடவே வந்திருக்க வேண்டாமா என்று ஹெட்டி கேட்டாள். அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏமஸ் பஸ் ஓட்டுபவன். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி, ஆனால் இடி என்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில், மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஜெம் மேல் மின்னல் இறங்கியதை அவன் கண்ணால் பார்த்தவன். மேகம் கறுத்தால் நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வான். பயணிகள் பின்னல் ஊசியை எடுத்துக்கொள்வார்களே தவிர, யாரும் முணுமுணுத்ததில்லை. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் இடையர் கிரீடத்தை ஜன்னலில் வைப்பது வழக்கம். கடலடியில் வாழ்ந்த முள் உருண்டைப் பிராணி ஒன்று சுண்ணத்துக்குள் கல்லாகிப்போய், முட்கள் உதிர்ந்து, முதுகில் ஐந்து இதழ் நட்சத்திரத்தோடு கிடைப்பதற்குத்தான் அந்தப் பெயர். அது இருக்கும் வீட்டில் இடி விழாது. மற்றவர்களுக்கு ஒன்று போதுமாயிருந்தது. ஏமஸோ வீட்டைக் கட்டும்போதே கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் அடிமுதல் கூரைவரை வரிசை வரிசையாகச் சாந்தில் பதித்துவிட்டான்.

அத்தனையையும் பொறுக்கிக் கொடுத்தவள் ஹெட்டி. குளிர்காலப் புயல் ஓய்ந்த மறுநாள் அவளை வீட்டில் பார்க்க முடியாது. கரையில் கிடக்கும் கூழாங்கற்களை அலை வாரிக்கொண்டு போயிருக்கும்; கடல் உள்வாங்கியதும் அடியிலிருக்கும் சுண்ணத்தரை கழுவிக் கவிழ்த்த தட்டுமாதிரி வெளியே தெரியும். பாறை முகத்தின் பக்கமே போகமாட்டாள், அது எப்போது தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. பாசியில்லாத இடமாகக் கால் வைத்துக் குனிந்தபடியே நடப்பாள். வெள்ளையில் ஒரு சாம்பல் விளிம்பு தெரிந்தால் போதும், முட்டி போட்டுவிடுவாள். உள்ளே சுண்ணம் நிறைந்தது உளி பட்டால் உதிர்ந்துவிடும், சிக்கிமுக்கிக் கல் நிறைந்ததுதான் சுவருக்கு உதவும். குவிந்த தொப்பி மாதிரி ஒரு வகை, இதயம் மாதிரி முன்பக்கம் பள்ளம் விழுந்த ஒரு வகை. ஏமஸ் கேட்டு வாங்கியதெல்லாம் இதயங்கள்தான்.

குழாய் பிய்ந்த வருஷம், புதிதாகக் கொண்டுவந்த ஓர் இதயத்தை ஹெட்டி மாவு தேய்க்கும் பலகைமேல் மறந்து வைத்துவிட்டாள். காலையில் பார்த்தால் அது பலகையின் அடுத்த ஓரத்தில் இருந்தது. மாவில் அதன் பின்னால் ஒரு தடம். அவளுக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் ஒரு தொப்பியை வைத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. இதயத்தைத் திருப்பி வைத்தாள், வந்த வழியே திரும்பிப் போயிற்று, பள்ளம் விழுந்த பக்கம் முன்னால் போக, உயிரோடிருந்தபோது கடலடிச் சேற்றைத் துளைத்துக்கொண்டு போன அதே தோரணையில். செத்துக் கல்லாகிப் பல கோடி வருஷம் ஆனதை யாரும் அதனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஹெட்டி மாவுக் கையோடு வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தாள். இரண்டு சுவரிலும் அத்தனை பள்ளமும் தெற்கே கடலைப் பார்த்திருந்தது.

"எல்லாத்தையும் ஏன் கடலைப் பாத்தே வச்சே?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"இடி எங்கேருந்து வருது? கடல்லேருந்துதானே? காவலுக்கு நிக்கிறவன் முதுகையா காட்டுவான்?"

"உன் காவல்காரங்க நம்மளையும் சேத்துத் தூக்கிட்டுப் போறாங்க, ஏமஸ். எல்லாத்தையும் திருப்பி வைக்கணும்."

"ஒண்ணு மேலயும் உளி படக் கூடாது. ஜெம் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நின்னான்."

"விளிம்புலேருந்து விழுந்தா மட்டும் பொழைச்சுக்குவோமா?"

"அது மெதுவா வரும். பாத்துக்கலாம்," என்றான் ஏமஸ்.

மெதுவாகத்தான் வந்தது. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. காலி செய்யச் சொல்லி நகராட்சி ஆள் வந்து போனார். வீட்டை விட்டுப் போக ஹெட்டிக்கு மனமில்லை, அவன் பயத்தை மிதிக்கவும் மனமில்லை. கடைசியில், அவன் பஸ்ஸில் இருந்த நாட்களாகப் பார்த்துக் கிழக்குச் சுவரிலிருந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் திருப்பிவைத்துப் பூசினாள். கிழக்குச் சுவர் உள்நாட்டுக்கும் மேற்குச் சுவர் கடலுக்கும் இழுக்க, வீடு நின்ற இடத்திலேயே திரும்ப ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலில் கலங்கரை விளக்கம் நகர்ந்து, பக்கத்து நிலக்காரன் டிப்லாக்கின் ஆடுகள் வந்தன.

"என்ன ஏமஸ், உன் வீடு எனக்கு முதுகைக் காட்டுது? எம்மேல கோவமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான் டிப்லாக்.

ஏமஸ் சுவரைச் சுற்றிவந்து புதுச் சாந்தைத் தடவிப் பார்த்தான். பிறகு மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டின் மேற்கு மூலை விளிம்பிலிருந்து ஓர் ஏணி சாய்க்கிற தூரத்துக்கு வந்தபோதும் பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், கடல் பக்கம் வானம் கறுத்து இடித்தது. ஏமஸ் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டு இடிகளுக்கு நடுவே சுத்தியல் சத்தம் கேட்டது. காதைப் பொத்தினான், பொத்திய கைக்குள்ளும் கேட்டது. வெளியே வந்தபோது மேற்குச் சுவரில் ஹெட்டி ஏணிமேல் நின்றிருந்தாள். ஏணியின் கால் ஊன்றியிருந்த புல்லுக்கு அடுத்து தரையில்லை.

"எறங்குடி!"

"ஏணியப் பிடிக்கிறதுன்னா பிடி. இல்லேன்னா போய்ப் படிக்கட்டுக்கு அடியில உக்காரு."

ஏமஸ் ஏணியைப் பிடித்தான். கை நடுங்கியதில் ஏணியும் நடுங்கியது. "இப்படி ஆடினா நீ விழுந்துடுவே. நீ எறங்கிப் பிடி, நான் ஏறறேன்," என்றான், அழுதுகொண்டே. ஏறினான். மழை கொட்டிற்று. கோழிக்கூட்டின் மேல் மின்னல் இறங்கிப் பலகை எரிந்தது. ஏமஸ் வாய்விட்டு அலறினான், ஆனால் உளியைக் கீழே போடவில்லை. அலறலோடு அலறலாக ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே கூரைவரை போய்ச் சேர்ந்தான். அவனை இருபது வருஷமாகத் தெரிந்த ஹெட்டி, கீழே நின்று அவனுக்காக வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

மழை விட்டதும், கூரைக்குக் கீழே ஒன்று மட்டும் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஹெட்டி கவனித்தாள்.

"மேல ஒண்ணு பாக்கியிருக்கே?"

"அது கெடக்கட்டும். ஒருத்தனாவது பாத்துக்கிட்டிருக்கணும்ல."

மறுநாளிலிருந்து வீடு உள்நாட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்து, அலமாரியிலிருந்த கோப்பைகள் எதிர்ப்பக்கமாக அசைந்து கிணுகிணுத்தன. அந்த ஒன்றால் வீடு நேராகப் போகாமல் மெல்ல வளைந்து போகிறது. டிப்லாக் வேலியைப் பிரித்து வழிவிட்டு, அந்த வளைவில் மட்டும் கோதுமை விதைப்பதில்லை. நகராட்சி ஆள் ஏப்ரல் தோறும் வந்து வரைபடத்தில் வீட்டை நகர்த்தி வரைந்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். ஹெட்டி அந்த வரைபடத்தின் மேல் ஒரு கம்பளி நூலை வைத்து வளைத்துப் பார்த்தாள்: மேட்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டு, பல நூறு வருஷம் கழித்து வீடு மறுபடி விளிம்புக்கே வந்து சேரும். ஏணியும் உளியும் கொட்டகையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஏமஸ் பஸ்ஸில் இருக்கும் நேரம் பார்த்துக் கூரைக்குக் கீழே இருக்கும் அந்த ஒன்றைத் திருப்ப அரை மணி போதும். அவள் திருப்பவில்லை.