முத்தலிபு ஹாஜியாரின் சாதுவான மாடு

முத்தலிபு ஹாஜியார் வீட்டில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுக்கும் குர்பான் மாடு கனமூலைப் பள்ளிவாசல் வரை ஒற்றைக் கயிற்றில்தான் நடந்துபோகும். அவருடைய வாப்பா காலத்து வழக்கம் அது. நாலு பேர் கூடி இழுப்பதெல்லாம் மற்ற வீட்டு மாடுகளை.

இந்த வருடத்துச் செங்காளைக்கு அந்தப் பெருமை விளங்கவில்லை. வேலியை முறித்தது, மருமகன் நௌஃபரைத் தென்னையில் ஏற்றியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் ஹாஜியார் மாட்டு டொக்டர் சுஜியை அழைத்தார்.

"குளம்புல முள்ளு, டொக்டர். கிட்டப் போக ஏலாது. மயக்க ஊசி ஒண்டு போட்டுப் பாருங்க."

"இறைச்சி மாடோ, ஐயா? ஊசி போட்டா கொஞ்சக் காலத்துக்கு அறுக்கக் கூடாது."

"சேச்சே! தோட்டத்து மாடு."

ஹாஜியார் பொய் பேசாதவர். ஆகையால் அதை மிகுந்த கம்பீரத்தோடு சொன்னார். இவ்வளவு பெரிய உடம்பில் ஒரு சொட்டு மருந்து எந்த மூலைக்கு என்று மனதையும் சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஊசி ஏறியதும் காளை தலையைத் தொங்கவிட்டது. சுஜி நாலு குளம்பையும் பார்த்தாள்.

"முள்ளைக் காணேல்லையே, ஐயா."

"ஊசிக்குப் பயந்து விழுந்திருக்கும்."

"தெளியுமட்டும் நிழல்ல விடுங்கோ. நடத்தாதேங்கோ."

அவள் போனதும் ஹாஜியார் கயிற்றைப் பிடித்தார். காளை வாய்நீர் வடிய, மணப்பெண்போல் அடிமேல் அடி வைத்து வந்தது. ஊரே பார்த்தது. சரியாக அயலவர் அலியாரின் கேற்றடியில் முழங்காலை மடித்துப் படுத்தது. எழும்பவில்லை.

"மாட்டுக்கு வருத்தம் போல, ஹாஜியார்," என்றார் அலியார். "நோய் மாடு குர்பானுக்குக் கூடாதே."

கூடியவர்கள் ஓம், சரிதான் என்றார்கள். ஹாஜியார் வாயை மூடியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த இறைச்சியை யாரும் உண்டிருக்க மாட்டார்கள். பொய்யும் வெளியே வந்திராது. ஆனால் அவர் வீட்டில் நோய் மாடு என்று ஒரு பேச்சா!

"எங்கட ஊட்டுல நோய் மாடா? நல்ல சொகமான மாடு! ஊசி போட்டுத்தான் நடத்திக்கிட்டு வந்த!"

அலியார் தாடியைத் தடவினார்.

"அப்ப உங்கட வாப்பாவும் ஊசி போட்டுத்தானா நடத்தின?"

பெருநாளன்று மயக்கம் தெளிந்த காளை மறுபடி வேலியை முறித்துக்கொண்டிருந்தது. அலியார் வீட்டிலிருந்து குர்பான் இறைச்சியில் ஒரு பங்கு வந்தது. அது ஏழைகளின் பங்காக இருந்தால் தன் வீட்டுக்கு இழுக்கு என்று ஹாஜியார் மகளைக் கூப்பிட்டார்.

"எந்தப் பங்கு, றைஸா? அயலவருக்கா, ஏழைகளுக்கா? கேட்டுட்டு வாங்க."

"கறி வெந்திட்டு, வாப்பா," என்றாள் மகள்.

வாசனை முன்னறைவரை வந்தது. ஹாஜியார் சற்றே யோசித்தார். அயலவர் பங்குதான் என்று தீர்ப்புச் சொல்லி, கையைக் கழுவினார்.