தெரேகின் மேஜரின் முதுகு

எங்கள் பட்டறைக்கு வந்த விமானிகள் யாரையும் நான் முதல்முறை சீருடையில் பார்த்ததில்லை. வெள்ளைக் கம்பளி உள்ளாடையில்தான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் அந்தக் கோலத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழிப்பார்.

மாஸ்கோவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரம். பெயர்ப்பலகை இல்லாத கட்டடம். அங்கே நானும் நியூராவும் விண்கலத்தில் போகிறவர்களுக்கு முதுகு அச்சு எடுத்தோம். தொட்டி மாதிரி ஒரு பெட்டி இருக்கும். ஆள் முழங்காலை மடக்கி அதில் படுப்பார். நாங்கள் பிளாஸ்டரைக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றுவோம். இருபது நிமிடம் அசையக் கூடாது. இறுகும்போது இதமான சூடு வரும். பாதிப் பேர் தூங்கியே போவார்கள். பிறகு கைகொடுத்துத் தூக்கிவிட்டால் அவர் முதுகு மட்டும் குழியாக அங்கே கிடக்கும். அதை வைத்துத்தான் அவருடைய இருக்கையைச் செய்வார்கள்.

எதற்கு இத்தனை பாடு என்கிறீர்களா? எங்கள் கலம் கடலில் விழாது. புல்வெளித் தரையில் வந்து மோதும். அந்த ஒரே அடியில், முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் எலும்பு போச்சு.

அறுபத்தொன்று ஏப்ரலில் முதல் மனிதன் மேலே போய்விட்டுத் திரும்பிய செய்தி வானொலியில் வந்த அன்று தெருவெல்லாம் பாட்டும் கூத்துமாக இருந்தது. நானும் நியூராவும் கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி கிளாவா, அந்தப் புள்ளைக்கு முதுகு வலிச்சிருக்குமா?" என்பதுதான்.

நான் சொல்ல வந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து நடந்தது. அப்போது புதிதாக ஒரு கலம் வரப்போகிறது, இது ராணுவத்துக்கு என்று ஒரு பேச்சு. எங்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கூடத்தில் தச்சர்கள் அதை முழு அளவில் மரத்தில் செய்து வைத்திருந்தார்கள். தச்சர்கள் சாப்பிடுவது எங்களோடு. அப்புறம் ரகசியம் ஏது?

"மூக்குல ஒரு பீரங்கி வச்சிருக்கோம். அதுவும் மரம்தான்" என்றார் ஒருவர், கருவாட்டைப் பிய்த்தபடி.

"மரப் பீரங்கிய வச்சு யாரைச் சுடப்போறாங்க? மரங்கொத்தியையா?" என்றாள் நியூரா.

அந்தக் கலத்துக்கு நான்கு பேரைப் பொறுக்கியிருந்தார்கள். மூன்றாவதாக அச்சுக்கு வந்தவர் மேஜர் தெரேகின். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம்.

"என்ன கிளாவ்தியா புரோகோரவ்னா, என்னைக் கொழுக்கட்டை மாதிரி புளிச்ச பாலாடையில முக்கி எடுக்கப் போறீங்களா?" என்றார்.

"கொழுக்கட்டைக்குப் பேச்சு எதுக்கு? படுங்க, தோழர் மேஜர்."

படுத்தார். இருபது நிமிடம். தூக்கிவிட்டோம். குழியைப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே வலப்பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது. இடப்பக்கம் தூக்கலாக இருந்தது. "அசைஞ்சுட்டீங்க" என்றேன். இல்லை என்றார். உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினோம். அதே கோணல்.

நியூராவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

"என்னாச்சு முதுகுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பிளாஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது, மேஜர்."

மெல்லச் சொன்னார். போன ஜனவரியில் மகனோடு பனிச் சரிவில் சறுக்குவண்டி விட்டிருக்கிறார். வண்டி மரத்தில் மோதியது. மகனுக்கு ஒரு கீறலும் இல்லை, இவர் கீழே கிடந்தார். மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதற்கு முன்பே முடிந்து பட்டியலில் பெயர் ஏறியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"ஏழு வருஷமா காத்துட்டிருக்கேன். சண்டையில அடிபட்டேன்னாலாவது பரவாயில்ல. சறுக்குவண்டியில விழுந்தேன்னு சொல்லி வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா? வியாழக்கிழமை டாக்டர் வந்து அச்சைப் பார்ப்பார். நீங்க கொஞ்சம் பூசி, கொஞ்சம் சுரண்டி நேராக்கிட்டா போதும். கலம் தயாராக ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள ஆறிடும்."

அச்சின் அளவுகளை எழுதும் சீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே டாக்டர் இக்னாத் சவேலியேவிச் போடுவார். நான் போட்டுவிட்டால் அவர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். அத்தனை நம்பிக்கை.

உங்களிடம் மறைப்பானேன். மேஜர் போனதும் நான் பூசினேன். ஆழத்தை நிரப்பினேன், மேட்டைச் சுரண்டினேன். மாலைக்குள் அழகான முதுகாகிவிட்டது. நியூரா பார்த்தாள், கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நல்லா இருக்கு. யாரோட முதுகு?" என்றாள். அந்த ஒரு கேள்வி எனக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது.

புதன்கிழமை ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன்.

"சீட்டு எழுதியாச்சு. கையெழுத்து மட்டும் பாக்கி. நேராக்கின இந்த அச்சுல ஒரு மணி நேரம் படுங்க. எழுந்து நின்னுட்டீங்கன்னா போட்டுத் தர்றேன்."

"ரெண்டு மணி நேரம்கூடப் படுக்கிறேன்" என்று இறங்கினார்.

நாங்கள் பக்கத்தில் தேநீர் குடித்தோம். பத்து நிமிடம் மகனின் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். பிறகு பேச்சு குறைந்தது. இருபதாவது நிமிடம் மேலுதட்டில் வியர்வை பூத்தது.

"சுகமா?"

"சுகம்தான்."

நாற்பதாவது நிமிடம் அவராகவே, "போதும்" என்றார். எழ முடியவில்லை. வலது கால் மரத்துப்போய்விட்டது. நானும் நியூராவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தோம். காலைத் தேய்த்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வெறும் படுக்கை. மேலிருந்து விழுறது இல்ல" என்றேன்.

"கையெழுத்து போட மாட்டீங்க."

"மாட்டேன்."

"உங்களுக்கென்ன, கிளாவ்தியா புரோகோரவ்னா. அடுத்த முதுகு வரும்." சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார் போல. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மன்னிப்பும் கேட்காமல், போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் போனார்.

வியாழன் காலையில் பூசிய அச்சை உடைத்துவிட்டு, முதலில் எடுத்த அளவுகளைச் சீட்டில் உள்ளபடி எழுதி டாக்டருக்காகக் காத்திருந்தேன். டாக்டர் வந்தபோது அவர் பின்னால் தெரேகினும் வந்தார். டாக்டரிடம் தானே முன்னாலேயே போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சீட்டைப் படித்தார். "அச்சு எங்கே?" என்றார்.

"உடைஞ்சிடுச்சு" என்றேன்.

"தானா?"

"இவங்க கையில எதுவும் தானா உடையாது" என்றாள் நியூரா. டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தெரேகினின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் மாவுக்கட்டில் கிடந்தார் என்று கேள்விப்பட்டோம்.

அந்தக் கலம் வரவே இல்லை. மறு வருடமே வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவாகி, மர மாதிரியைத் தச்சர்கள் அறுத்து அடுக்கினார்கள். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒருவரும் பறக்கவில்லை.

அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மின்சார ரயிலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தவர் தொப்பியைக் கழற்றிய பிறகுதான் தெரேகின் என்று தெரிந்தது. ஒரு கை விதையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் வரை கொறித்தோம்.

"எங்க நாலு பேர்ல மூணு பேருக்கு, ஏன் பறக்கலைன்னு யாராவது கேட்டா பதிலே கிடையாது. முழிக்கிறாங்க" என்றார். "நான் மட்டும் டக்குன்னு சொல்லிடுவேன், முதுகுன்னு. அதுக்காவது உங்களுக்கு நன்றி சொல்லணும்."

சிரித்தோம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "ஆனா அன்னைக்கு நீங்க கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா, அவங்களாட்டம் நானும் இன்னொரு வருஷம் ஆசையோட இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்க" என்றேன். இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவி உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏறினாள். தெரேகின் எழுந்து குனிந்து மூட்டையைப் பிடித்தார்.

"இடுப்பை வளைக்காதீங்க! முழங்காலை மடக்கித் தூக்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மேஜர் ஒரு கணம் என்னை முறைத்தார். அப்புறம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மெதுவாகத் தூக்கினார்.