புவாசோன்

சாயபுமார் ஊருக்குப் போகிறவள் பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது என்று தெரியாதவர்களே புதுச்சேரி உப்பளத்தில் இல்லை. அந்த ஊரை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். ஒருத்தி வந்து மாதா சொரூபத்தை எடுத்து வெளியே வைத்தாள். அங்கே பிடுங்கி உடைத்துவிடுவார்களாம். இன்னொருத்தி வந்து அதைத் திரும்ப உள்ளே வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். கைநீள ரவிக்கை தைத்துக்கொள், பளிச்சென்று புடவை கட்டாதே, பன்றிக்கறி பேச்சையே எடுக்காதே என்று ஆளுக்கொரு சட்டம். எலிஸபெத் எல்லாருக்கும் தலையாட்டினாள். அவள் பயம் சாயபுமாரைப் பற்றியதே அல்ல. தன் புருஷனைப் பற்றியது.

லுயீஸ் கப்பலேறி மூன்று வருஷம் ஆகிறது. ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர் ஆளும் ஜிபூத்தித் துறைமுகத்தில் கிடங்குக் கணக்கர் வேலை. நல்லவன்தான், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். பிராந்தி உள்ளே போனால் கை நீளும். எலிஸபெத்தின் இடதுகைச் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. கோயில் சாமியார் கேட்டபோது கதவிடுக்கில் நசுங்கியது என்றாள். அவருக்கும் தெரியும், எந்தக் கதவு என்று.

மூன்று வருஷமாக மாதம் தவறாமல் கடிதம் வந்தது. அனல் காற்று, ஆட்டுக்கறி, ஒட்டகம், உப்புத் தண்ணீர் எல்லாம் எழுதினான். குடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. விட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டானா? இங்கே அடித்தால் பக்கத்து வீட்டுக்கு ஓடலாம். அங்கே எங்கே ஓடுவது, கடலுக்குள்ளா?

அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டுச் சமையலறையில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் அவள். மதாம் சீமைக்குப் போகும்போது நல்ல வேலைக்காரி என்று எழுதிக் கொடுத்த செர்த்திபிக்காவைத் தலையணைக்குள் வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தாள். எந்தப் பிரெஞ்சுக்காரன் வீட்டிலும் அதைக் காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். தைத்துக் கொடுத்தவள் தெருக்கோடித் தையல்காரி ஜுலைகா ஒருத்திதான். அவள் வாய் திறக்கிற ஆள் இல்லை.

கடைசிக் கடிதம் போன வாரம் வந்தது. கொழும்பில் கப்பல், இன்ன தேதி, புறப்பட்டு வா என்று எழுதியிருந்தான். கூடவே, புவாசோன் மட்டும் கொண்டு வராதே, வீடு கொடுத்த ஹாஜியாருக்கு ஆகாது, எனக்கும் வேண்டாம் என்று. எலிஸபெத்துக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியாது என்பதால் அவன் தமிழில்தான் எழுதுவான். நடுநடுவே பிரெஞ்சு வார்த்தை விழும். அந்தக் குடும்பத்து வழக்கம் அது. வெட்கப்பட வேண்டிய சமாசாரம் எதுவானாலும் பிரெஞ்சில் சொன்னால் மானம் போகாது என்று நினைப்பு. சித்தப்பா ஜெயிலுக்குப் போனது 'பிரிசோன்'. அத்தைக்குப் புத்தி பிசகியது 'மலாத்'.

கடிதத்தைக் கணவனின் அண்ணன் க்சாவியேயிடம் காட்டினாள். பழைய சொல்தா, பட்டாளத்துப் பென்ஷன்காரர், பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"புவாசோன்னா மீனு. நீதான் மதாம் வூட்டுல ஆக்கிப் போட்டவளாச்சே, தெரியாதா?"

"தெரியும் மாமா. கருவாடு இல்லாம ஒரு வா சோறு எறங்காதே அவருக்கு. வேணாம்னு எழுதுறாரே."

"சாயபு ஊரு. நாத்தம் ஆவாதோ என்னமோ. சொன்னதச் செய்யி."

தவளக்குப்பம் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய வஞ்சிரக் கருவாடு ஒரு மூட்டை அப்படியே மூலைக்குப் போனது. அந்த இடத்தில் க்சாவியே இரண்டு பிராந்தி பாட்டிலைக் கொண்டு வந்து, அவளுடைய ஜமக்காளத்தில் சுருட்டி வைத்தார்.

"இது எதுக்கு மாமா?"

"தம்பி மூணு வருஷமா வறண்டு கெடக்கான். புதுச்சேரிக்காரன் வெறுங்கையோடயா போவான்?"

"புதுச்சேரி எல்ல தாண்டினா மதுவிலக்கு. புடிச்சிக்கிட்டாங்கன்னா?"

"பொம்பள பெட்டிய எவன் தொறக்கப் போறான்? பேசாம இரு."

இந்த மனுஷர் குடிக்கப் பழக்கித்தானே தம்பி இப்படி ஆனான்! லுயீஸே வேண்டாம் என்று எழுதாதபோது அவள் எதை வைத்து மறுப்பது? ஜமக்காளத்துக்குள் இரண்டு பாட்டிலும் இடித்துக்கொள்ளும் சத்தம் அவள் சுண்டுவிரலில் கேட்டது.

புறப்படும் நாள் வந்தது. மூன்றரை மணி ரயில். இரண்டரைக்கே, கையால் தள்ளும் புஷ்வண்டியோடு அம்மாவாசை வாசலில் வந்து மணியடித்தான். இரும்புப் பெட்டியைப் பூட்டிக் கயிறு கட்டியாகிவிட்டது. க்சாவியே கோட்டு போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். விழுப்புரம் வரை கூட வருகிறவர் அவர்தான்.

அந்த நேரத்தில் ஜுலைகா கடைசி இரண்டு ரவிக்கையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கை மணிக்கட்டு வரை நீளம். எலிஸபெத் அவற்றைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, மூலையில் கிடந்த கருவாட்டு மூட்டையை எடுத்து நீட்டினாள்.

"வச்சிக்கங்கக்கா. நல்ல வஞ்சிரம். ஒங்க வூட்டுல ஆவாதுன்னா யாருக்காவது குடுத்துடுங்க."

"எங்க வூட்டுல ஏன் ஆவாது?"

"ஒங்க ஆளுங்களுக்கு மீனு ஆவாதுன்னு எங்க வூட்டுக்காரரு எழுதியிருக்காரே. அந்த ஹாஜியாரு வூட்டுக்குள்ளயே வரக் கூடாதாம்."

ஜுலைகா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப் பாவி! யாரு சொன்னது? எங்க வூட்டுல கருவாடு இல்லாம அடுப்பே எரியாது. எங்களுக்கு ஆவாததுன்னா பன்னி. அது விட்டா குடி. மீனு என்னடி பாவம் பண்ணுச்சு?"

எலிஸபெத்தின் கை நீட்டியபடியே நின்றுவிட்டது.

குடி.

மதாம் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நடந்தது ஞாபகம் வந்தது. வெயிலில் டென்னிஸ் ஆடிவிட்டு வந்த துரை நாற்காலியில் விழுந்து "லா புவாசோன்!" என்று கத்தினார். இவள் ஓடிப்போய் வறுத்த மீனைத் தட்டில் வைத்து நீட்டினாள். மேஜையே சிரித்தது. குடிக்கிறதுக்கு ஒரு வார்த்தை, மீனுக்கு ஒரு வார்த்தை என்று மதாம் உதட்டைக் குவித்தும் வெடுக்கென்று திறந்தும் காட்டினாள். இவள் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது. தமிழில் எழுதினாலோ கேட்கவே வேண்டாம், இரண்டுக்கும் அதே 'பு'தான். கடைசியில் மதாம் அலுத்துப்போய் ஒரு வழி சொன்னாள். லெ புவாசோன் என்றால் மீன். லா புவாசோன் என்றால் குடி. நாலு வருஷம் அந்த லெயையும் லாவையும் வைத்துத்தான் எலிஸபெத் காலம் தள்ளினாள். கல்யாணமான பிறகு அது மறந்தேபோனது.

லுயீஸ் எதை எழுதியிருந்தான்? லெயா, லாவா? கடிதத்தை இருபது தரம் படித்தவளுக்கு அந்த ஓரெழுத்து மட்டும் ஞாபகமில்லை. கடிதம் பெட்டிக்குள், அடியில், ஜெபப்புத்தகத்தில் இருந்தது.

கீழே உட்கார்ந்து கயிற்று முடிச்சில் கை வைத்தாள்.

"ஏய், என்ன பண்ற?" க்சாவியே உள்ளே வந்தார். "ரயிலு போயிடும்."

"ஒரு நிமிசம் மாமா."

"ஒரு நிமிசமும் இல்ல. அம்மாவாசை, வந்து பொட்டியத் தூக்கு!"

அம்மாவாசை வந்தான். எலிஸபெத் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் மச்சாண்டார் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவள். அம்மாவாசை அவரையும் பார்த்தான், இவளையும் பார்த்தான், வண்டிக்கே போய்விட்டான்.

"ரயிலு போனா போவட்டும், மாமா. இதப் பாக்காம நான் வரல."

பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். ஜுலைகா கயிற்றை இழுத்துக் கொடுத்தாள். பூட்டைத் திறந்து, ஜமக்காளம், சொரூபம், புடவை எல்லாவற்றையும் தரையில் வாரிப் போட்டாள். ஜெபப்புத்தகம் அகப்பட்டது. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாய்விட்டுப் படித்தாள்.

"'லா புவாசோன் மட்டும் கொண்டு வராதே. வீடு கொடுத்திருக்கிற ஹாஜியார் அது வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் வேண்டாம். எலிஸபெத், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.'"

லா. தெளிவாக, கொம்போ புள்ளியோ இல்லாமல், லா.

சே, எவ்வளவு மட்டி நான் என்று நினைத்தாள். ஒரு கருவாட்டுக்கா மனுஷன் கும்பிடு போடுவான்? அவன் சொல்லித்தான் இருக்கிறான். வாயால் சொல்ல வெட்கப்பட்டு, அவன் வீட்டு வழக்கப்படி பிரெஞ்சுக்குள் ஒளித்துச் சொல்லியிருக்கிறான். அழக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒங்களுக்குப் படிக்கும்போதே தெரியும் இல்ல மாமா?"

க்சாவியே கோட்டுப் பொத்தானைத் திருகினார். "தமிழ் எழுத்து. எனக்குச் சரியா..."

"லாவுக்கும் லெவுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒங்களுக்கு? பட்டாளத்துல பதினஞ்சு வருசம் பிரெஞ்சு பேசுனவரு நீங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் கிடந்த ஜமக்காளத்தையே பார்த்தார்.

"அவனும் வுட்டுட்டான்னா எனக்கு யாரும்மா இருக்கா?" என்றார். "நாலு நாளைக்கு வேணாம்னு எழுதுவான், அப்புறம் கேப்பான்னு நெனச்சேன். கேக்கும்போது இருக்கட்டுமேன்னு."

எலிஸபெத்துக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ஜமக்காளத்தைப் பிரித்து இரண்டு பாட்டிலையும் எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"இது ஒங்களோடது. எங்க வூட்டுக்குள்ள வராது."

ஜுலைகா சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மாதா சொரூபம் புடவைக்கு நடுவில் போனது. பாட்டில் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. எலிஸபெத் கருவாட்டு மூட்டையை எடுத்து அதில் வைத்து அமுக்கினாள்.

"பொட்டியே நாறிப் போவும்," என்றார் க்சாவியே, மெதுவாக.

"நாறட்டும். பிராந்தி நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவல."

கடைசியில் தலையணை. எடுத்து வைக்கும்போது உள்ளே மதாம் கொடுத்த காகிதம் சரசரத்தது. ஜுலைகா தான் போட்ட தையலைப் பார்த்தாள், எலிஸபெத்தைப் பார்த்தாள். இடுப்பில் சொருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பிரிச்சி எடுத்துடட்டுமா எலிசு? இனிமே எதுக்கு?"

எலிஸபெத் தலையணையை மடியில் வைத்துத் தையலை விரலால் தடவினாள். வாசலில் அம்மாவாசை மறுபடி மணியடித்தான்.

"வேணாங்க்கா," என்றாள். "அவரு கும்பிட்டுக் கேட்டாரு, நான் போறேன். அது பாட்டுக்கு அதுவும் இருக்கட்டும்."

தலையணையைக் கருவாட்டுக்கு மேல் வைத்து மூடியைச் சாத்தினாள். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடும்போது சுண்டுவிரல் மடங்காமல் விறைத்து நின்றது. மற்ற விரல்களால் கயிற்றை இறுக்கி இழுத்துக் கட்டினாள்.