வியாழக்கிழமைக் கடப்பாரை

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. காந்தமானி நிலையத்தில் குழி வெட்டும் ஆள் கட்ட வேண்டிய தொகை அது. லேசில் வாயைத் திறக்காததால் எல்லோருக்கும் அவர் மௌனச்சாமி.

கருவி அறையைச் சுற்றி ஐம்பதடிக்குள் இரும்பு வரக் கூடாது. ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, பூமியின் காந்தத்தை அளக்கும் கருவியின் பதிவுக் கோடு கன்னாபின்னாவென்று ஆடியிருந்தது. பழுதுபார்ப்பவரை விமானத்தில் வரவழைத்தார்கள். "கருவி கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூலியோடு போய்விட்டார் அவர்.

"முந்தின நாள் கடப்பாரையை அங்கயே போட்டுட்டு வந்தியா?" என்று மேலாளர் கேட்டார்.

நாளெல்லாம் மண் வெட்டிய உடம்புக்கு எது நினைவிருக்கும்? "போட்டிருப்பேன் சார்" என்றார் மௌனச்சாமி.

செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது. மாதம் இரண்டாயிரத்து முந்நூற்று முப்பது பிடித்தம். தீரும்வரை ஊருக்குப் போக விடுப்பில்லை. "நீங்க வர்றப்போ, யாரும்மா இவருன்னு புள்ள கேக்கப் போறா" என்றாள் மனைவி போனில். "ம்" என்றார்.

நாலு மாதம் போனது. பழைய பதிவுகளைப் புரட்டிய புது ஆராய்ச்சியாளர் பெண், ஒரு வரைபடத்தோடு மௌனச்சாமியை மேலாளர் அறைக்கே கூட்டிப்போனாள்.

"இது அந்த வியாழக்கிழமை விண்வெளியில செயற்கைக்கோள் எண்ணின எலக்ட்ரான், சார். விடியக்காலை நாலு பத்துக்குக் குப்புனு ஏறுது. நம்ம கோடும் அப்பத்தான் சாயுது. சூரியனுக்கு எதிர்ப்பக்கம், பூமிக்குப் பின்னாலேருந்து எலக்ட்ரான் வேகமா அடிச்சுக்கிட்டு வர்ற நேரத்துல, துருவ ஒளி தெரியற உயரத்துல மின்சாரமும் பெருசா ஓடும். அதோட காந்தம்தான் கோட்டை இழுத்திருக்கு."

"இவனே ஒத்துக்கிட்டானேம்மா."

"சும்மா கெடக்கிற கடப்பாரை கோட்டை ஒரே மட்டமா நகத்தும் சார், ரெண்டு மணி நேரம் ஆட்டாது. செயற்கைக்கோள் வரைக்குமா அண்ணன் அதைத் தூக்கி எறிஞ்சாரு?"

மூலை மேஜையில் உட்கார்ந்திருந்த கணக்கர் சிரித்துவிட்டார். மௌனச்சாமி கை நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"செய்யாததை ஏன்யா ஒத்துக்கிட்டே?" என்றார் மேலாளர்.

"கேட்டீங்க. சொல்லிட்டேன்."

மேலாளர் வரைபடத்தை மடித்து வைத்தார். "பிடிச்சதை இந்தச் சம்பளத்தோட குடுத்துடறோம். நாளைக்கே ஊருக்குக் கிளம்பு."

"வடிகால் பாதியில நிக்குது சார். முடிச்சிட்டுப் போறேன்."

கணக்கர் பேரேட்டைத் திறந்து, மீதி ஒன்பதாயிரத்து முந்நூற்று இருபதின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.